பேஸ் கிட்டாருக்கு இன்னொரு பெட்டி தேவையா?

(இளையர்களின் இசை ஆர்வம் குறித்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில், நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வாரம் இதே அரங்கில் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, என் மகன் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். கிட்டார் வாங்கிக் கொடுத்தோம். ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தோம். இப்போது கோரஸ் பெடல் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டுமாம். இருநூற்று ஐம்பது வெள்ளி சொல்கிறான். அது இல்லாமல் வாசிக்க முடியாதா?" அரங்கமே சிரித்தது. மகன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காது சிவந்துவிட்டது. நேரம் முடிந்துவிட்டதைச் சாக்காக வைத்து, அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்று நான் நழுவிவிட்டேன்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்வதென்றால், அம்மா, அந்தப் பெட்டி இல்லாமலும் வாசிக்கலாம். ஆனால் அத்தோடு விட்டுவிட்டால் தம்பிக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அது வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். எதை வாங்குவது, வாங்கியதை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாமல் வாங்கினால்தான் ஆபத்து. ஒரு சின்னப் பெட்டிக்கு ஆபத்து என்ற பெரிய சொல்லா என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, சற்று நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் பேஸ் கிட்டாரைப் பற்றி. மேடையில் அதை எல்லாரும் பார்க்கிறோம், பலர் கேட்பதில்லை. நான்கு தடித்த தந்திகள். ஆகக் கீழே இருக்கும் ஈ தந்தி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தது ஏ தந்தி 55, டி தந்தி 73, ஜி தந்தி 98. சாதாரண கிட்டாரின் ஆகக் கீழ்த் தந்தியே 82 என்றால், பேஸ் எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் முறையில் சொல்வதென்றால், தவிலுக்கும் தம்புராவுக்கும் பிறந்த பிள்ளை அது. தாளத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், சுருதிக்கும் பதில் சொல்ல வேண்டும். இளையராஜாவின் பாடல்களில் பல்லவிக்குக் கீழே இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்குமே, அது பேஸ் கிட்டார்தான். நம் ஊர் இசைக்குழுக்கள் திருமண விருந்திலும் சமூக மன்றத்திலும் வாசிப்பது பெரும்பாலும் திரைப்பாடல்கள் என்பதால், தமிழ்க் குழுவில் பேஸ் வாசிக்கிறவருக்குப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல் என்பது என் கருத்து.

இனி கோரஸ். ஒருவர் தனியாகப் பாடுவதையும் பஜனையில் இருபது பேர் சேர்ந்து பாடுவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரும் ஒரே வரியைத்தான் பாடுகிறார்கள். ஆனால் ஒருவர் இம்மி முன்னால், ஒருவர் இம்மி பின்னால். ஒருவர் சுருதிக்கு ஒரு நூலிழை மேலே, இன்னொருவர் ஒரு நூலிழை கீழே. அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்களால்தான் கூட்டுக் குரலுக்கு ஒரு கனமும் விரிவும் வருகிறது. இரண்டு நாதசுவரங்கள் சேர்ந்து ஒரே பிடியை வாசிக்கும்போது வருகிற அந்தச் சிலிர்ப்பும் இதே வகைதான். கோரஸ் பெடல் செய்வது இதைத்தான். நீங்கள் வாசிக்கும் ஒலிக்கு ஒரு நகல் எடுத்து, அதைச் சில மில்லிவினாடி தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைத்து ஊசலாடவிட்டு, அசல் ஒலியோடு கலந்துவிடுகிறது. தாமதம் குறையும்போது நகலின் சுருதி சற்று ஏறும், கூடும்போது சற்று இறங்கும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

இந்தத் தாமதத்தை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பது சுவையான கதை. என் தாத்தா கம்பத்தில் வளர்ந்தவர். கம்பத்தில் தீப்பிடித்தால் கிணற்றடியிலிருந்து வீடுவரை ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவார்கள் என்று சொல்வார். 1969இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் இதே முறையில் ஒரு மின்சுற்றை அமைத்தார்கள். ஒலியின் மின்னழுத்தத்தைச் சிறுசிறு மின்தேக்கிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். கடைசி வாளி வந்து சேர்வதற்குள் கொஞ்சம் தாமதமாகிவிடும், அதுதான் நமக்கு வேண்டியது. இந்தச் சில்லுக்கு வாளி வரிசை என்ற பொருள்பட 'பக்கெட் பிரிகேட்' என்றே பெயர். பழைய கோரஸ் பெடல்கள் பலவற்றில் இருந்த எம்என்3007 என்ற சில்லில் இப்படி 1,024 வாளிகள்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975இல் ஜேசி-120 என்ற ஆம்ப்ளிஃபையரில் இந்த ஒலியைப் புகுத்தியது. மறு ஆண்டு, 1976இல், அதன் பாஸ் என்ற கிளைப் பெயரில் சிஇ-1 வந்தது. இந்த பாஸ் நாம் வாசிக்கும் பேஸ் இல்லை, அலுவலகத்தில் மேலதிகாரியைச் சொல்வோமே, அந்த பாஸ். உலகின் முதல் கோரஸ் பெடல் என்று சொல்லப்படுவது அந்த சிஇ-1தான். 1979இல் சிஇ-2 என்ற கைக்கு அடக்கமான பெட்டி வந்து உலகமெங்கும் பரவியது. ஆனால் பேஸ் கிட்டாருக்கென்று தனியாக சிஇ-2பி வந்தது 1987இல். அதற்குப் பிறகு 1995இல் சிஇபி-3 என்று இன்னொன்று, அதில் 'லோ ஃபில்டர்' என்று ஒரு புதிய குமிழ். ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கும்போது பேஸுக்கு எதற்கு வேறு பெட்டி, அதிலும் எதற்கு இன்னொரு குமிழ்? என் பேச்சு முழுக்க அந்தக் குமிழைச் சுற்றித்தான்.

கொஞ்சம் கணக்குப் போடப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈ தந்தி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது என்றால் ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 24 மில்லிவினாடி ஆகிறது. அதில் பாதி நேரம் அலை மேலே, பாதி நேரம் கீழே. நகல் சரியாகப் பாதி நேரம், அதாவது 12 மில்லிவினாடி தாமதமாக வந்தால் என்ன ஆகும்? அசல் மேலே போகும்போது நகல் கீழே வரும். இரண்டையும் சம அளவில் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 98 முறை அதிரும் ஜி தந்திக்கு 5 மில்லிவினாடியே போதும். பெரும்பாலான கோரஸ் பெடல்களின் தாமதம் ஊசலாடுவது சில மில்லிவினாடியிலிருந்து இருபது, முப்பது மில்லிவினாடிவரை. பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளுக்கும் குழி வெட்டினால் எங்கே வெட்ட வேண்டுமோ அந்த இடத்தில்தான் அது உலாவுகிறது.

அந்தக் குழி நிலையாகவும் இருப்பதில்லை. பெடல் ஊசலாட ஊசலாட அதுவும் நகர்கிறது. அதனால் ஒரு சுரம் திம்மென்று விழும், அடுத்த சுரம் காற்றில் போய்விடும். அடிப்படை ஒலி போனாலும் அதற்கு மேலே இருக்கும் கிளை ஒலிகள் தப்பிவிடும். ஆகவே வாசிப்பவருக்கு ஒலி இருக்கிறது போலவே தோன்றும். பளபளப்பாகக்கூட இருக்கும். கீழே இருந்த பலம் மட்டும் இருக்காது.

லோ ஃபில்டர் குமிழின் வேலை இப்போது புரிந்திருக்கும். கீழ் ஒலிகளை அது கோரஸ் பக்கம் போகவிடாது. அவை அசலாக, ஆடாமல் அசையாமல் நிற்கும். மேலே இருக்கும் ஒலிகள் மட்டும் இரண்டாகி விரியும். வீட்டின் மாடியில் எத்தனை சரவிளக்கு வேண்டுமானாலும் தொங்கவிடலாம். தூணில் துளை போடக்கூடாது.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். 2008இல் தெரியாது.

அப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடர்புத்துறைப் பட்டயப் படிப்பில் இருந்தேன். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். தேசிய சேவைக்குப் போகவிருந்த மூத்த மாணவர் ஒருவர் தம்முடைய கோரஸ் பெடலை எண்பது வெள்ளிக்குக் கொடுத்தார். சாதாரண கிட்டாருக்கு உரிய பெடல் அது. இரண்டே குமிழ்கள், லோ ஃபில்டரும் கிடையாது, அளவு குறைக்கும் குமிழும் கிடையாது. எங்கள் வீவக வீட்டு அறையில் ஒரு சின்னப் பயிற்சி ஆம்ப்ளிஃபையர் இருந்தது. அதில் இணைத்து வாசித்தபோது நான் சொக்கிப்போய்விட்டேன். அறை முழுக்கத் தண்ணீர் அலையடிப்பதுபோல் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, நல்லா இருக்கே" என்றார். அதற்கு முன் என் வாசிப்பைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் "சத்தத்தைக் குறை, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குது" என்பதுதான்.

அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையர் என்னை ஏமாற்றிவிட்டது. எட்டு அங்குல ஒலிபெருக்கியால் 41 அதிர்வு ஒலியை ஒழுங்காகக் கொடுக்க முடியாது. இருந்தால்தானே இழப்பது தெரியும்? கீழ் ஒலி அங்கே தொடக்கத்திலிருந்தே இல்லை. மேல் ஒலி மட்டும் பளபளவென்று வந்தது. வீட்டில் பெடல் பழகும் எல்லாத் தம்பி தங்கைகளுக்கும் இந்த ஏமாற்றம் காத்திருக்கிறது. கைத்தொலைபேசியில் காணொளி பார்த்துவிட்டுப் பெடல் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகவே காத்திருக்கிறது. கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் பேஸே கிடையாது.

அந்த ஆண்டு ஒரு பாட்டுப் போட்டி. எங்கள் குழுவில் பாடிய அக்கா இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பாலர் பள்ளி ஆசிரியர், வேலை முடிந்து களைத்துப்போய் வந்தும் ஒரு ஒத்திகையைத் தவறவிட்டதில்லை. மெதுவான ஒரு திரைப்பாடல். சரணம் தொடங்கும் இடத்தில் கீபோர்டு நின்றுவிடும். பேஸும் அவர் குரலும் மட்டும்தான் இருக்கும். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். பிடிக்கும் என்பதாலேயே பெடலின் இரண்டு குமிழ்களையும் நன்றாகத் திருகிவைத்துவிட்டு மேடையேறினேன்.

பெரிய மண்டபம், பெரிய ஒலிபெருக்கிகள். சரணம் வந்தது. காலால் பெடலை மிதித்தேன். டிரம்ஸ் வாசித்த நண்பன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அக்கா முதல் வரியை எடுத்தார், இரண்டாவது வரியில் அவர் குரல் எதையோ தேட ஆரம்பித்தது. நீண்ட கார்வை ஒன்றில் சுருதி இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. கீபோர்டு திரும்ப வந்தபோது அவர் அரைச் சுரம் தள்ளி நின்றார். நடுவர் ஒருவர் ஒலிவாங்கியை எடுத்து, குரல் நன்றாக இருக்கிறது, சுருதி ஞானம்தான் போதவில்லை என்றார்.

மண்டபத்துக்கு வெளியே, சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா எங்களிடம் வந்தார். "உங்க உழைப்பையெல்லாம் வீணாக்கிட்டேன் தம்பி. மன்னிச்சுக்குங்க" என்றார். பரவாயில்லை அக்கா என்று நாங்கள் ஐந்து பேரும் சொன்னோம். பெருந்தன்மையாகச் சொன்னோம். அதற்குப் பிறகு அவர் மேடையில் பாடவில்லை.

மூன்று மாதம் கழித்து எங்கள் கல்லூரியில் ஒலிப்பதிவு வகுப்பு. ஒரே ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்திக் கலந்தால் என்ன ஆகும் என்று ஆசிரியர் திரையில் காட்டினார். அலையில் பள்ளம் விழுந்து நகர்ந்துகொண்டே போனது. எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. வகுப்பு முடிந்ததும் போட்டியின் ஒலிப்பதிவை அங்கிருந்த பெரிய ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டேன். சரணத்தில் பேஸ் இல்லை. இருந்த இடத்திலும் சுருதி தள்ளாடியது. அக்கா காலூன்ற வேண்டிய இடத்தை நான் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சரி, வாங்குவது எப்படி என்பதற்கு வருகிறேன். தம்பி, நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பெட்டியின் முகத்தைப் பாருங்கள். கீழ் ஒலியைக் காப்பாற்றுவதற்கு ஒரு வழி அதில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பாஸ் சிஇபி-3இல் அது லோ ஃபில்டர் குமிழ், எந்த அளவுக்குக் கீழே கோரஸ் வேண்டாம் என்று நீங்களே திருகி முடிவு செய்யலாம். எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் எம்83 என்ற பேஸ் கோரஸ் டீலக்ஸில் 'எக்ஸ்-ஓவர்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைப் பெடல் தொடாது. நான் மேலே சொன்ன எண்களை நினைவுபடுத்துங்கள். சும்மா மீட்டும் நான்கு தந்திகளும் 100க்குள் அடங்கிவிடுகின்றன. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பேஸ் குளோனிலும் இதே போன்ற பொத்தான் உண்டு. பெட்டியில் பேஸ் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அந்தக் குமிழோ பொத்தானோ இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு அடுத்தபடியாக, கோரஸ் எவ்வளவு கலக்க வேண்டும் என்ற அளவுக் குமிழ் இருந்தால் நல்லது. மற்றவை எல்லாம் அலங்காரம்.

வாளி வரிசைச் சில்லா, டிஜிட்டலா என்று இளையர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறேன். பழைய சில்லில் ஓர் இதமான மங்கல் உண்டு, உண்மைதான். ஆனால் டிரம்ஸும் கீபோர்டும் மூன்று பாடகர்களும் சேர்ந்து ஒலிக்கும் மண்டபத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவருக்கு நான் புரோட்டா வாங்கித் தருகிறேன்.

புதிதாக வாங்கினால் நல்ல பெட்டிகள் பெரும்பாலும் இருநூறு வெள்ளியைத் தாண்டும். பழைய பொருளாக வாங்கினால் அதில் பாதி. சிஇபி-3 பல ஆண்டுகள் விற்பனையில் இருந்த பொருள் என்பதால் பழையது அகப்படும். வாங்கும்போது குமிழ்களைத் திருகிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். மின்சாரத்தையும் கவனியுங்கள். இன்று பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். பாஸ் நிறுவனத்தின் சில பழைய பெடல்களுக்கு வேறு வகை அடாப்டர் வேண்டும். அதற்குப் புதிய அடாப்டரைப் போட்டால் விளக்கு மங்கும், ஒலி சோகையாகும். பெடல் கெட்டுவிட்டது என்று நினைத்து மலிவாக விற்றவர்கள் உண்டு. அவர்களிடமிருந்து வாங்கிப் பலன் அடைந்தவர்களும் உண்டு.

கடைக்குப் போவதென்றால் சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம், பெனின்சுலா வட்டாரத்தில் கிட்டார் கடைகளைப் பார்க்கலாம். வார நாளில் பிற்பகலில் போங்கள், கூட்டம் இருக்காது. உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கடையில் இருப்பதிலேயே பெரிய பேஸ் ஆம்ப்ளிஃபையரில் இணைத்துத் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். முதலில் வித்தை காட்டாதீர்கள். ஈ தந்தியை மீட்டி அப்படியே விடுங்கள். ஒலி நின்றுகொண்டிருக்கும்போது பெடலைப் போடுங்கள், அணையுங்கள், மறுபடி போடுங்கள். காதை நம்ப முடியாவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பெடல் போட்டதும் கையில் வரும் அதிர்வு விட்டுவிட்டு வந்தால் அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே போய் மெதுவாக ஏதாவது வாசியுங்கள். அங்கேதான் கோரஸின் அழகு. கீழே கையில் அதிர்வு நிலைத்து, மேலே மனம் கரைந்தால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே சாதாரண கிட்டார் கோரஸ் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேல் ஃபிரெட்டுகளில் வாசிக்கும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் எல்எஸ்-2 போன்ற ஒரு பிரிப்புப் பெடல் வழியாக அசல் ஒலியைத் தனியே கூட்டிக் கலக்கலாம். பள்ளம் ஆழம் குறையும், முழுக்கத் தூர்ந்துவிடாது.

பயன்படுத்துவதில் நான் கஞ்சன். வேகக் குமிழைக் கடிகாரத்தில் எட்டு, ஒன்பது மணி நிலையில் வைத்துத் தொடங்குங்கள். ஆழக் குமிழ் பத்து மணியைத் தாண்ட வேண்டாம். நீங்கள் தனியாக வாசிக்கும்போது போதவில்லையே என்று தோன்றினால், குழுவோடு வாசிக்கும்போது சரியாக இருக்கும். குத்துப் பாட்டிலும் உறுமி அடிக்கும் பாட்டிலும் அதைத் தொடவே தொடாதீர்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் நிகழ்ச்சி என்றால் பெடலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே கூரையும் தூண்களும் போடும் எதிரொலியே போதும். அதற்கு மேல் கோரஸ் போட்டால் கஞ்சிதான்.

வெள்ளைக்காரர்கள் முழுப் பாட்டுக்கும் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் பீட்டர் ஹூக்கைச் சொல்வீர்கள். அவர் வாசிப்பதைக் கவனித்துக் கேளுங்கள். அவர் கீழே நிற்பதே குறைவு. கிட்டார் சத்தத்தில் தம்முடைய ஒலி தமக்கே கேட்கவில்லை என்று தந்தியின் மேல்பகுதிக்குப் போய் ராகம் வாசிக்கப் பழகியவர் அவர். கோரஸ் அந்த உயரத்தில் பொருந்துகிறது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் 1987 ஆல்பத்தில், 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' பாட்டின் தொடக்கத்தில் டஃப் மெக்கேகன் வாசிப்பதும் அப்படித்தான், உயரத்தில் நடக்கும் ஒரு ராகம். அவர்கள் பெட்டியை வாங்குவதற்கு முன், எந்த இடத்தில் எப்படி வாசிக்கிறார்கள் என்பதைக் கடன் வாங்குங்கள்.

இன்னொன்று, ஒலிப் பொறுப்பாளரிடம் பேசாமல் மேடையேறாதீர்கள். சில மேடைகளில் அவர் உங்கள் கிட்டாரிலிருந்து நேரடியாக, பெடலுக்கு முன்பே, ஒலியை எடுத்துக்கொள்வார். நீங்கள் மேடையில் கோரஸில் மிதந்துகொண்டிருப்பீர்கள், மக்களுக்குச் சாதாரண ஒலிதான் போகும். பெடலுக்குப் பிறகு எடுத்தால் உங்கள் தவறும் சேர்ந்து போகும். எது நடக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு வெளிவழி உள்ள பெடல் என்றால், மேடை ஒற்றை வழியா இரட்டை வழியா என்பதையும் கேளுங்கள். பெடல்களை வரிசைப்படுத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுருதி பார்க்கும் பெடலும் கம்ப்ரஸரும் முன்னால், ஒலியை முறுக்கும் பெடல்கள் அடுத்து, கோரஸ் அவற்றுக்குப் பின்னால்.

அம்மா, உங்கள் கேள்விக்கு இப்போது முழுப் பதில் சொல்கிறேன். மகனோடு நீங்களும் கடைக்குப் போங்கள். ஆம்ப்ளிஃபையரின் மேல் நீங்கள் கை வையுங்கள். உங்கள் கை சரி என்று சொன்னால் வாங்கிக் கொடுங்கள்.

போன தீபாவளிக்கு, உறவினர் ஒருவர் வீட்டு விருந்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது அந்தப் போட்டிக் கதையைச் சொல்லிவிட்டேன். பெடலை, குமிழ்களை, ஒலிப்பதிவு வகுப்பை, அதற்குப் பிறகும் வாயைத் திறக்காமல் இருந்ததை, எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் எதிர்ப் புளோக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பதிவு இன்னும் உங்கிட்ட இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

இருந்தது. கைத்தொலைபேசியில் போட்டேன். சரணம் வந்தது. அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் துளிகூடக் கேட்கவில்லை. தனியாக, தேடித் தேடிப் பாடும் அவர் குரல் மட்டும்தான் கேட்டது. "இதில் ஒன்னும் தெரியலையே" என்றார். தெரியாது அக்கா, இதற்குப் பெரிய ஒலிபெருக்கி வேண்டும் என்றேன். "அப்படின்னா கொண்டு வா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்கு என் பேஸ் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போனேன். இருபத்து மூன்று கிலோ. அவர் வீட்டுத் தளத்தில் மின்தூக்கி நிற்காது.